வடிகட்டும் கமிட்டியும் சீனியின் இருமலும்

லண்டனில் ஒருவர் வாயைத் திறந்தால் மலாயாவில் லகாட்டுக்குப் பக்கத்திலிருக்கும் மூங்கிலாற்றுத் தோட்டத்தில் கேட்கும் என்று சொன்னபோது பிச்சைமுத்து நம்பினான். துரைமார் சொல்வதை நம்புவதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுப்பது கூடுதல் வேலை. அவனுக்குப் புரியாதது வேறொன்று. அத்தனை கடல் தாண்டி லண்டன் பேசுவது கேட்கிற பங்களாவுக்கு, அதே குன்றின் அடிவாரத்துக் கூலிக்காரர் லயத்தில் தன் பிள்ளை இருமுவது ஏன் கேட்கவில்லை?

பிள்ளைக்குப் பெயர் சீனி. இரண்டு வயது. கக்குவான் இருமல். இருமத் தொடங்கினால் முகம் சிவக்கும், பிறகு நீலம் பாரிக்கும், கடைசியில் சேவல் கூவுகிற மாதிரி ஓர் இழுப்பு இழுத்து மூச்சு திரும்பும். இதுவரை திரும்பியிருக்கிறது. அது திரும்புகிற வரைக்கும் பிச்சைமுத்துவும் அவன் மனைவி காளியம்மாவும் மூச்சு விடுவதில்லை.

தோட்டத்து டிரெசர் கார்த்திகேசு, காய்ச்சலுக்கும் கால்புண்ணுக்கும் கொடுக்கிற அதே சிவப்புத் தண்ணீரைக் கொடுத்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். "ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. இனி என்னட்ட ஒண்டும் இல்லை."

கொண்டுபோகத் துரையின் துண்டு வேண்டும். துண்டுச் சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டுப் போனவன் ஓடிப்போனவன். அவன் லயத்து அறையில் மறுநாள் வேறொருவன் அடுப்பு மூட்டுவான். துண்டில்லாதவன் ஆஸ்பத்திரிப் படியை மிதித்தால் நேரே போலீசில் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள் என்பதும் லயத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. யாரும் மிதித்துப் பார்த்ததில்லை. அதனால் அது இன்னும் உறுதியாகத் தெரிந்திருந்தது.

ஆபீசில் கணக்கெழுதுகிற பெரிய கிராணியார் தியாகராஜா தலை நிமிராமலே பதில் சொன்னார். "துரைக்கு இப்ப நேரமில்லை. கமிட்டி நடக்குது. இரைச்சல் தீரட்டும், பிறகு வா."

"எந்த இரைச்சலுங்க அய்யா?"

"அதைக் கண்டுபிடிக்கத்தானே கமிட்டி!"

அந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டாம் வருஷம், பெரிய துரை பெலிங்ஹாம் சிங்கப்பூரிலிருந்து ஒரு கம்பியில்லாத் தந்திப் பெட்டியை வரவழைத்திருந்தார். இங்கே சாயங்காலம் ஏழரை ஆகும்போது லண்டனில் மத்தியானமாம். அப்போது அவர்கள் பேசுவார்கள், பிடில் வாசிப்பார்கள். பக்கத்துத் தோட்டத்துத் துரைமாரும் லகாட் ஈயச் சுரங்க மேனேஜரும் கழுத்தில் பட்டை கட்டிக்கொண்டு பெட்டிக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்கள். ஏழரை அடித்தது. லண்டன் தொண்டையைக் கனைத்தது. உடனே சட்டியில் கடலை பொரிகிற மாதிரி, 'கர்ர்ர், பொர்ர்ர்' என்று கிளம்பிய ஓர் இரைச்சல் லண்டனை மூடிவிட்டது. மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும்.

ஆகவே கமிட்டி பிறந்தது. 'மூங்கிலாறு வட்டாரக் கம்பியில்லாத் தந்தி இரைச்சல் வடிகட்டும் கமிட்டி.' தலைவர், பெலிங்ஹாம் துரை. காரியதரிசி, தியாகராஜா கிராணியார்.

தலைவரைப் பற்றி இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, அவர் சோலாத் தொப்பியைக் கழற்றி எவரும் பார்த்ததில்லை. வெயிலில் எல்லாத் துரையும் தொப்பி போடுவார்கள். இவர் இராச்சாப்பாட்டுக்கும் போட்டிருந்தார். இன்னொன்று, அவருடைய தியாகம். ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு பிரசங்கம் செய்து கூட்டத்தைத் தொடங்கிவைப்பார். சரியாக ஏழரைக்கு, "தனிமையில் இருந்து இரைச்சலின் திசையை ஆராயப் போகிறேன்" என்று சொல்லிப் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். பெட்டிக்குச் சொந்தக்காரர், ஆனால் ஒரு நாளாவது உட்கார்ந்து லண்டனைக் கேட்டவரில்லை. பொதுநலத்துக்காக இப்படித் தன்னை வருத்திக்கொள்கிற மனிதர் உண்டா என்று அங்கத்தினர்கள் உருகினார்கள்.

முதலில் வந்தது வடிகட்டிப் பெட்டி. வேண்டாத அலையைத் தடுத்து, வேண்டிய அலையை மட்டும் உள்ளே விடுமாம். தாமிரக் கம்பிச் சுருளும் திருகுகளும் வைத்த அந்தப் பெட்டியைத் தந்திப் பெட்டியோடு சேர்த்துக் கட்டித் திருகினார்கள். 'கர்ர்ர்' நின்றது. லண்டனும் நின்றது. பிடில் இல்லை, பேச்சு இல்லை, ஒரு மூச்சும் இல்லை. அங்கத்தினர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பின்னறையிலிருந்து தொப்பியோடு திரும்பிவந்த தலைவர், "கனவான்களே, அப்பழுக்கில்லாத சுத்தம்! இந்தத் தேசத்திலேயே இவ்வளவு சுத்தமாக ஒன்றுமே கேட்காத பெட்டி இது ஒன்றுதான்," என்றார். ஒரு வாரம் அவர்கள் விஸ்கியும் கையுமாக உட்கார்ந்து அந்தச் சுத்தத்தைக் கேட்டார்கள். கடைசியில் ஈயச் சுரங்க மேனேஜர், தமக்குச் சுத்தம் போதும், கொஞ்சம் லண்டனும் வேண்டும் என்றார். வடிகட்டியைக் கழற்றினார்கள். 'கர்ர்ர்' திரும்பி வந்தது.

பெட்டியால் வடிகட்ட முடியாததை ஊரில்தான் வடிகட்ட வேண்டும் என்று அன்றைக்குத் தீர்மானம் ஆயிற்று.

மறுநாள் விடியற்காலைப் பெரட்டில், ஆள் எண்ணி முடித்ததும், அப்பாவு கங்காணி தொண்டையைச் செருமினார். "எல்லாம் கேட்டுக்குங்க. சாயங்காலம் பங்களா முத்தத்துல இரைச்சல் பெரட்டு. லயத்துல சத்தம் போடுற எந்தச் சாமானா இருந்தாலும் தூக்கிட்டு வந்து வரிசையில நிறுத்தணும். தொரைங்க கேட்டுப் பார்ப்பாங்க."

"கங்காணி, எம் பொண்டாட்டியும் வரணுமா?" என்று பின்வரிசையில் இருந்து உடையப்பன் கேட்டான்.

"மொதல்ல இவரு கொறட்டையக் கட்டித் தூக்குங்க கங்காணி, நான் பின்னாடியே வாரேன்," என்றாள் அவன் மனைவி மங்களம். முழுகாமல் இருந்தாள், வாயில் மட்டும் சோர்வில்லை.

இருமல் சாமானா இல்லையா என்று பிச்சைமுத்துவுக்குச் சந்தேகம். கங்காணியிடம் கேட்டான். "சத்தம் வருதா இல்லியா? அப்ப தூக்கிட்டு வா. எனக்கு எதுக்கு சூசா?" என்றார் அவர். சூசா என்றால் தொல்லை. கங்காணிக்குத் தெரிந்த மலாய் வார்த்தைகளில் அதுதான் அதிகம் உழைத்தது.

சாயங்காலம் முற்றத்தில் இரைச்சல்கள் வரிசையாக நின்றன. ஆட்டுக்கல் நின்றது, உரல் நின்றது, மாரியம்மன் கோயில் மணி நின்றது, கால் கட்டிய சேவல் நின்றது. ஒவ்வொன்றும் துரைமார் முன்னால் ஒரு தடவை சத்தம் கொடுக்க வேண்டும். தலைவர் காதைச் சாய்த்துக் கேட்டுத் தீர்ப்புச் சொல்வார். கிராணியார் தமிழில் அறிவிப்பார்.

"கோயில் மணி, வேண்டாதது. இனி நாக்கில் துணி சுத்தித்தான் அடிக்க வேணும். சேவல், வேண்டாதது. சட்டியில வைக்கலாம். உரல், வேண்டாதது. ஆறரைக்கு முன்னம் இடிச்சு முடிக்க வேணும்."

"கம்பெனி பேக்டரி இஞ்சின் இருக்குதுங்களே, அது?" என்றான் உடையப்பன். அது அப்போதும் கீழே தடதடவென்று ரப்பர்ப் பாலைத் தகடாக்கிக் கொண்டிருந்தது.

கிராணியார் துரையிடம் கேட்டு வந்து சொன்னார். "அது உற்பத்தி. உற்பத்தி இரைச்சல் ஆகாது."

"விடியக்காலம் எங்கள எழுப்புற தண்டவாளத் துண்டு?"

"அது கட்டளை. கட்டளையை நீ இரைச்சல் எண்டு சொல்லுறியோ?"

உடையப்பன் வரிசைக்குள் பின்வாங்கினான்.

அப்போதுதான் சீனிக்கு வந்தது. காளியம்மாவின் தோளில் கிடந்தவன் உடம்பை வில்லாக வளைத்து இருமினான், இருமினான், நாக்கு வெளியே தள்ள இருமினான், கடைசியில் அந்தச் சேவல் இழுப்பை இழுத்தான். தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"இதுதான்! நம் பெட்டியில் கேட்பது இதேதான்!"

பிச்சைமுத்துவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கேட்டுவிட்டது! துரைக்குக் கேட்டுவிட்டது! ஓடிப்போய்க் காலடியில் விழுந்தான். "தொரை, ஒரு துண்டு எழுதிக் குடுங்க தொரை. ஈப்போவுக்குத் தூக்கிட்டுப் போயிடுறேன், ரெண்டே நாள்ல வேலைக்கு வந்துடுறேன்."

கிராணியார் அவன் தோளைப் பிடித்து எழுப்பினார். "எழும்பு. துரைக்குக் கேட்டது இருமல். நீ இல்லை."

தீர்ப்பு இதுதான்: ஏழரையிலிருந்து எட்டரை வரை பிள்ளை இருமக் கூடாது. மீறினால் குடும்பம் தோட்டத்தை விட்டு வெளியேற வேண்டும். துண்டைப் பற்றி, இரைச்சல் தீர்ந்தபின் யோசிக்கப்படும்.

அன்றிலிருந்து ஏழு மணிக்கே அப்பாவு கங்காணி பிரம்போடு வந்து அவர்கள் வாசலில் குந்திக்கொண்டார்.

"வந்துச்சுன்னா வாயப் பொத்து," என்றார்.

"பொத்தினா செத்துடும் கங்காணி," என்றாள் காளியம்மா.

"அது ஒங்க வீட்டு விசயம். சத்தம்தான் கமிட்டி விசயம்."

அவரும் பிள்ளைகுட்டிக்காரர்தான், சொல்லும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

தேன் தடவினார்கள். துளசிச் சாறு விட்டார்கள். சாமிக்குக் காசு முடிந்து வைத்தார்கள். ஒன்றும் பலிக்காமல், அந்தி சாய்ந்ததும் பிள்ளையைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு ரப்பர்க் காட்டுக்குள் வெகுதூரம் போய் உட்கார்ந்தார்கள். மழை வந்தது. காளியம்மா பிள்ளைமேல் கவிழ்ந்துகொண்டாள், பிச்சைமுத்து அவள்மேல் கவிழ்ந்துகொண்டான். அட்டைகளுக்கு நல்ல விருந்து. பங்களாவில் ஏழரைக்கு வழக்கம்போல 'கர்ர்ர்' வந்தது. காட்டில் இருமினாலும் கேட்கத்தான் செய்கிறது என்று கமிட்டி கங்காணியிடம் கோபித்துக்கொண்டது.

ஒரு சாயங்காலம் சீனியின் மூச்சு திரும்பத் தாமதித்தது. உதடு நாவல்பழ நிறத்துக்குப் போயிற்று. காளியம்மா பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கி முதுகில் அறைந்தாள். திரும்பியது. ஆனால் அது திரும்பிய விதம் பிச்சைமுத்துவுக்குப் பிடிக்கவில்லை. வர மனமில்லாத விருந்தாளி மாதிரி வந்தது.

"தூக்கிட்டு ஓடு," என்றாள் அவள். "தொரைகிட்டயே ஓடு. நேரா மூஞ்சிக்கு நேரா காட்டு. மனுசன்தானே!"

அவன் ஓடினான். முன்வாசலில் போனால் விரட்டிவிடுவார்கள் என்று சமையல்கட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனான். ஒரு கதவு, உள்ளே 'கர்ர்ர், பொர்ர்ர்' என்று சத்தம், கதவிடுக்கில் ஊதா வெளிச்சம். தட்டக்கூடத் தோன்றாமல் தோளால் தள்ளிவிட்டான்.

பெரிய துரை கண்ணாடிக்கு முன் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். தொப்பி மேஜைமேல் இருந்தது. தலை, இப்போதுதான் அவித்து உரித்த முட்டையாக இருந்தது. சீப்பு மாதிரி பல் வைத்த ஒரு கண்ணாடிக் குழலை அந்தத் தலைமேல் ஓட்டிக்கொண்டிருந்தார். குழலிலிருந்து குட்டி மின்னல்கள் பொரிந்து மண்டையில் இறங்கின. பக்கத்தில் ஒரு டப்பா. அதன்மேல் அடர்ந்த சுருள்முடியோடு ஒரு வெள்ளைக்காரன் படம் சிரித்தது. குழலிலிருந்து வந்த ஒயர், பங்களாவுக்கென்றே ஓடுகிற டைனமோவின் கம்பியில் போய்ச் சேர்ந்திருந்தது.

இது ஏதோ வைத்திய யந்திரம் என்று மட்டும் பிச்சைமுத்துவுக்குப் புரிந்தது. பிள்ளையை நீட்டினான். "தொரை, அத எம் புள்ள நெஞ்சுல ஒரு தடவ வைங்க தொரை!"

துரை ஒரு கையால் ஸ்விட்சை அணைத்தார், மறுகையால் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டார். எந்தக் கை முந்தியது என்று சொல்ல முடியாது. முகம் கோவைப்பழம். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

ஆனால் கூடத்திலிருந்து வந்தது. மணி மணியாக, பக்கத்து வீட்டுக்காரர் பேசுகிற மாதிரி, லண்டன்! அங்கத்தினர்களின் ஆரவாரம் கூரையைத் தூக்கியது. துரை கூடத்துப் பக்கம் பார்த்தார், கையிலிருந்த குழலைப் பார்த்தார், பிச்சைமுத்துவைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு கூடத்துக்குப் போய்ப் பேசினார்.

"கனவான்களே! இன்று என்ன நடந்தது? அந்தப் பிள்ளை லயத்தில் இல்லை, காட்டில் இல்லை. இதோ இந்தப் பங்களாவின் பின்கட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. அதே கணம் இரைச்சல் நின்றது. இதற்குமேல் ருசு வேண்டுமா? பிள்ளை தன் இடத்தில் இருந்தால் இரைச்சல். இடத்தை விட்டு நீக்கினால் லண்டன். உண்மை என்பது என்ன? வடிகட்டியபின் எஞ்சுவது. எதை வடிகட்டுவது என்பதைத் தலைவர் முடிவு செய்வார். அதற்குத்தான் தலைவர் என்று பெயர்."

விடிவதற்குள் அறையைக் காலி செய்யும்படி உத்தரவாயிற்று. பானை சட்டியைக் கட்டிக்கொண்டு ஆபீசைக் கடக்கும்போது பிச்சைமுத்து கிராணியாரிடம் கடைசியாக ஒரு தடவை சொல்லிப் பார்த்தான்.

"அய்யா, அந்தச் சத்தம் எம் புள்ள சத்தம் இல்லைங்க. தொரை தலையில வச்சிருந்தாரே ஒரு கொழல், அதுலதான் வந்துச்சு. எங் கண்ணால பாத்தேன்."

கிராணியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தலையோ? துரைக்குத் தலை இல்லை. தொப்பிதான் இருக்கு. நான் எத்தினை வருஷமாப் பாக்கிறன்! நீ ஒண்டும் காணேல்லை, போ." கொஞ்சம் தாழ்ந்த குரலில், "எனக்கும் பிள்ளையள் இருக்கு," என்றார். அது இரக்கமா எச்சரிக்கையா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

ஈப்போவை ஒட்டிய புந்தோங்கில் காளியம்மாவின் அண்ணன் பத்துமலை இருந்தார், மாட்டுவண்டி ஓட்டுகிறவர். மாடுகளுக்குப் பக்கத்தில் சாக்கு விரித்துக் கொடுத்தார். மறுநாள் பிச்சைமுத்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஈப்போ ஆஸ்பத்திரி வாசல்வரை போனான். படியில் ஒரு காலை வைத்தான். உள்ளே காக்கிச் சட்டையில் யாரோ நடந்தார்கள், ஆஸ்பத்திரிச் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறவனாகவும் இருக்கலாம். காலை எடுத்துவிட்டான். திரும்பி வந்து மாடுகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதான்.

"அட முட்டாப்பயலே, நாளைக்கு நான் வண்டியில கூட்டிட்டுப் போறேன்," என்று பத்துமலை சத்தம் போட்டார்.

"அறையும் இல்லை, வேலையும் இல்லை, போலீசு புடிச்சா நானும் இல்லை மச்சான். இவள யாரு பாத்துக்குவா?"

அன்று சாயங்காலம் மூங்கிலாற்றில் ஏழரை மணிக்குத் தலைவர் பின்னறைக்குப் போனார். தலையில் புதிதாக மூன்று முடி முளைத்திருந்தது. லண்டனுக்காக அதை விட்டுவிட முடியுமா? 'கர்ர்ர்' வந்தது. ஈயச் சுரங்க மேனேஜர் பெட்டியைக் குத்தினார். பிள்ளைதான் போய்விட்டதே, இது எங்கிருந்து வருகிறது? சிங்கப்பூரிலிருந்து ஒரு நிபுணரைக் கூப்பிட்டுப் பங்களாவை அறை அறையாகச் சோதிப்பதே வழி என்றார்.

தலைவர் பின்னறையிலிருந்து பாய்ந்து வந்தார்.

"நிபுணரா? எதற்கு? இது அதே இருமல்தான்! ஐந்து மைல் கட்டை தூரம் தள்ளி வைத்தும் வருகிறதென்றால் எவ்வளவு பலமான இருமலாக இருக்க வேண்டும்! தூரத்தால் இதை வடிகட்ட முடியாது. பிறக்கிற தொண்டையிலேயே, ஆஸ்பத்திரியில் வைத்து அடைக்க வேண்டும். என் மோட்டார் வண்டியை எடுங்கள்!"

கங்காணியும் கிராணியாரும் மோட்டாரில் புந்தோங் வந்து இறங்கியபோது பிச்சைமுத்து பிள்ளையைக் காளியம்மாவிடம் கொடுத்துவிட்டு முன்னால் வந்து நின்றான். போலீஸ் என்றே நினைத்தான்.

"டேய், புள்ள இன்னும் இருமுதா?" என்றார் கங்காணி.

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தான். காளியம்மா முந்திக்கொண்டாள். கங்காணி முகத்தையும் பார்த்தாள், மோட்டாரையும் பார்த்தாள். என்ன கணக்குப் போட்டாளோ!

"இருமுது. ஏழர மணிக்குத்தான் ரொம்ப இருமுது."

கிராணியாரிடமிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. பையிலிருந்து துரை கையெழுத்துப் போட்ட துண்டை எடுத்து நீட்டினார்.

துரையின் மோட்டாரில் வந்திறங்கிய பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. நீராவி பிடித்தார்கள், கரண்டி கரண்டியாகப் பால் புகட்டினார்கள், ராவெல்லாம் ஒரு தாதி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கக்குவான் தானாக ஓய்கிற காலமும் வந்திருந்தது என்பார்கள் சிலர். எப்படியோ, சீனி ஒரு நாள் இருமாமல் தூங்கினான். காளியம்மா பயந்துபோய் எழுப்பிவிட்டாள். அவன் திட்டுவது போல அழுதான். அதைக் கேட்டு அவளும் அழுதாள்.

அறை திரும்பக் கிடைத்தது. சந்தேகத்துக்குரிய இரைச்சல் கமிட்டியின் கண்பார்வையில் இருப்பதே உத்தமம் என்று தலைவர் சொல்லிவிட்டார். சீனி இருமவில்லை. ஆனால் பங்களாவில் ஏழரைக்கு 'கர்ர்ர்' வந்தது. மேனேஜர் மறுபடி நிபுணர் என்றார். தலைவர் தொப்பியை இறுக்கிக்கொண்டு, "வேறு யாரோ இருமுகிறார்கள்! தேடுங்கள்!" என்றார்.

கங்காணி தேடினார். கடைசி அறைக் கிழவர் இராமசாமி இருமிக்கொண்டிருந்தார்; பல வருஷமாக இருமுகிறவர்தான். மறுநாள் மோட்டாரில் போனார். 'கர்ர்ர்' நிற்கவில்லை. அடுத்து ஒருத்தி போனாள், அதற்கடுத்து ஒருவன். துண்டு கேட்டு எத்தனை வருஷம் ஆபீஸ் வாசலில் நின்றவர்கள்! இப்போது துரையே மோட்டார் அனுப்பினார்.

சேதி லயம் முழுக்கப் பரவ நாளாகவில்லை. ஏழரை நெருங்கினால் லயத்து வாசல்களில் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். காய்ச்சல்காரன் இருமினான். புண் புரையோடியவன் இருமினான். கண் மங்கியவள் பங்களா எந்தப் பக்கம் என்று கேட்டு, அந்தப் பக்கம் திரும்பி இருமினாள். மேலே குன்றின்மேல் பின்னறை ஜன்னலில் ஊதா வெளிச்சம் விட்டு விட்டு மின்னியது.

மங்களத்துக்கு மாசம் ஏறி இரண்டு காலும் வீங்கியிருந்தது. விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நின்றது. முகமும் ஊதியிருந்தது. டிரெசரின் சிவப்புத் தண்ணீரைக் குடித்துப் பார்த்துவிட்டாள். சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து காளியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். எப்போதும் எதையாவது சொல்லிச் சிரிக்கிறவளிடம் அன்று சிரிப்பு இல்லை.

"பயமா இருக்கு அக்கா. தலையெல்லாம் சுத்துது."

"இருமு," என்றாள் காளியம்மா.

"கால் வீக்கத்துக்கு எதுக்கு அக்கா இருமணும்?"

"காலக் காட்டினா யாரு பாக்கப் போறா?" சீனியை மடியில் சரியாகப் படுக்க வைத்துவிட்டு, காளியம்மா அவள் முதுகில் கை வைத்தாள். "நல்லா இழுத்து இருமு. மேல கேக்கணும்."